ஜெட் விமானத்தின் மைனஸ் சத்தம்

1

முதலில் இது ஒரு காதல் கதையாகத்தான் இருந்தது. 1964, மாட்டுங்கா, ஒரு மாடி அறை. கதாநாயகன் மனதைத் திறக்கும் வரி வரும்போதெல்லாம் என் தலைக்கு மேலே ஒரு ஜெட் போயிற்று. "என்ன சொன்னேள்?" என்று அவள் கேட்பதாக மட்டுமே எழுத முடிந்தது. மூன்றாம் தரம் அவனுக்கே மறந்துவிட்டது. காதலை அடித்துவிட்டு விமானத்தை வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் (அ): வானத்தின் வெள்ளிப் பறவை தாராவியின் தகரக் கூரைகளின் மேலே தன் சிறகுகளை…

(வேண்டாம். பறவையாக இருந்தால் எச்சம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும்.)

தொடக்கம் (ஆ): தாராவி லூசியம்மாளின் புருஷன் தாவீதுக்குப் பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு. பகலில்தான் தூங்கவேண்டும். பகலில்தான் ஜெட்டும் வருகிறது. போன வாரம் ஓடுகிற தறியின் மேலேயே கண் அசந்துவிட்டான். மேஸ்திரி போட்ட கூச்சலில் விரல் தப்பியது.* இன்னொரு தரம் அசந்தால் விரலோ வேலையோ, ஒன்று போய்விடும்.

இது இருக்கட்டும்.

* சத்தத்தால் விளைந்த ஒரே நன்மை. கமிட்டி இதைக் கண்டுகொள்ளவில்லை.

3

கமிட்டி என்றேன் அல்லவா? விமானச் சத்தக் குறைப்புக் கமிட்டி. என் கற்பனைதான். அதன் அளவீட்டு நிபுணர் மாட்டுங்கா ராமசேஷனும் கற்பனைதான், அவருடைய கழுத்துப்பட்டை உட்பட. மாட்டுங்கா சபாக் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேளுங்கள்:

"இன்ஜினோட வால்ல ஒரே ஓட்டைக்குப் பதிலா இடியாப்ப அச்சு மாதிரி பல குழாய் வெச்சா சத்தம் கொறையும். இல்லேன்னா பகல் விமானத்தைக் கடல் பக்கம் திருப்பி விடலாம். எதுக்கும் மொதல்ல அளக்கணும். விமானம் வரதுக்கு முன்னாடி ஒரு தரம், வரச்சே ஒரு தரம். வித்தியாசம்தான் விமானத்தோட சத்தம்."

இதில் ஒரு குறையும் இல்லை. தாராவிக்கு வரும்வரை.

4

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியநாயகம்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். ராமசேஷன் மீட்டரோடு இறங்கியதும் அவருக்கு ஒரு மாலை, மீட்டருக்கு ஒரு மாலை. நாதஸ்வரம், இரண்டு தவில், கூரையில் கட்டிய புனல் ஒலிபெருக்கி.

"ஆபீசர் வாறியன்னு சின்னதா ஒரு ஏற்பாடு" என்று கத்தினார் பெரியநாயகம்.

"சத்தத்தக் கொறைக்க வந்தவருக்கா அண்ணாச்சி இவ்வளவு சத்தம்?" என்றாள் லூசியம்மாள்.

"நீ சும்மா காலிபீலியாப் பேசாத, லூசி. போன தடவ தண்ணி பைப்பு போட வந்த ஆபீசருக்கு மேளம் வைக்கல. பைப்பு வந்துச்சா?"

(இங்கே நான் குறுக்கிட்டு, மேளத்தை வெட்டிவிடலாமா என்று பெரியநாயகத்திடமே கேட்டேன். "மேளம் இல்லாத கதையில நான் நிக்க மாட்டேன். வேற ஆளப் பாரும்வே" என்றுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை.)

முதல் அளவு மேளத்தோடு எடுக்கப்பட்டது. முள் வலது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அப்போது ஜெட் வந்தது.

பெரியநாயகம் துண்டை உயர்த்தினார். "நிறுத்துங்கலே! பிளேன் வருது. ஆபீசருக்கு அது நல்லாக் கேக்கட்டும்."

மேளம் நின்றது. ஒலிபெருக்கி நின்றது. ஜெட் மட்டும் போயிற்று. ராமசேஷன் இரண்டாம் அளவை எடுத்து, அதிலிருந்து முதல் அளவைக் கழித்தார்.

"மைனஸ் பதினொண்ணு."

"அப்படின்னா என்ன சார்?" என்றாள் லூசியம்மாள்.

"விமானம் வந்தா இங்க சத்தம் கொறையறதும்மா."

"மேளம் நின்னுச்சுல்லா சார், அதனால…"

"மேளம் எங்க கமிட்டி விஷயத்துல வராது. இது ஜெர்மன் மீட்டர்."

"அந்த ஜெர்மன்காரர எங்க வீட்டுல ஒரு பகல் படுத்துப் பாக்கச் சொல்லுங்க."

தாராவியின் அமைதியைக் கருதிப் பகல் விமானங்களைக் கூட்டலாம் என்று கமிட்டி பரிந்துரைத்தது. கூட்டினார்கள்.

5

முடிவு (அ): லூசியம்மாள் மீட்டரைப் பிடுங்கி…

(மீட்டர் கனம். அவளுக்கு வேறு வேலையும் இருக்கிறது.)

முடிவு (ஆ): தாவீது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு…

(பஞ்சாலைக்காரனுக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? வைத்துப் பார்த்தாயிற்று. ஜெட் காது வழியாக வருவதில்லை, தரை வழியாக வருகிறது.)

முடிவு (இ): இன்று பகல். தாவீது பாயில் படுத்திருக்கிறான். கண் மூடிவிட்டது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. ராத்திரி தறி காத்திருக்கிறது. புதிதாகக் கூட்டிய விமானம் செம்பூருக்கு மேலே வந்து, இறக்கையைச் சாய்த்து, தாராவியை நோக்கி

"சார்" என்று லூசியம்மாள் என்னிடம் கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க."

"கதை முடியணுமேம்மா."

"மெதுவாப் பேசுங்க. பிளேன் அங்கனயே நிக்கட்டும். அவரு தூங்கி முழிச்ச பொறவு முடிச்சுக்கிடலாம்."

கொடுத்துவிட்டேன். விமானம் செம்பூருக்கு மேலே பாதி வாக்கியத்தில் நிற்கிறது. உள்ளே நிறையப் பேர் இருக்கிறார்கள். இடுப்புப் பட்டையை அவிழ்க்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதில் உங்களுக்கு வேண்டியவர் யாராவது இருந்தால் வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளலாம். பேனா லூசியம்மாளிடம் இருக்கிறது. வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கேட்பதானால், மெதுவாகக் கேளுங்கள்.