மைனஸ் இருபது

சிங்காரத்தின் ஐஸ் கம்பெனி வாசலில் மீன்காரர்களோடு லூர்துசாமியும் தெர்மக்கோல் பெட்டியுடன் நின்றார். தானே புயல் அடித்து ஏழாம் நாள். கடலூரில் கரண்ட் இல்லை. இங்கே மட்டும் ஜெனரேட்டர் ஓடியது.

"வஞ்சரமா, கெளுத்தியா மச்சான்?" என்றார் சிங்காரம்.

"மூளைச் சாமான்."

"நம்மூர்ல அதுக்குக் கிராக்கி இல்லியே!"

"கிண்டல் கெடக்கட்டும். கல்லுப்பு ரெண்டு கை சும்மா போடு."

ஒரு கை விழுந்தது. ஒரு கைதான் விழும் என்று தெரிந்துதான் அவர் இரண்டு கேட்டார்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் நீளக் குப்பி. அதில் நாலு சொட்டு ஆன்டிபாடி. மறதி நோய் வந்த மூளையில் ஒரு புரதம் சேர்கிறதாம். அது எங்கே இருக்கிறதென்று தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளுமாம் இது. ஜெர்மனியிலிருந்து வர மூன்று மாதமானது. மைனஸ் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் குளிரும்; அதில்தான் ஆறு நாளாக அதைக் காப்பாற்றி வந்தார். கல்லூரி ஆய்வகத்தில் அவர் தற்காலிக உதவியாளர்.

அங்கே ஆராய்ச்சி மாணவி வினோதினி சோதனை எலிகளை விட்டு நகர முடியாது. காலையில் பெட்டியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள். "சிதம்பரத்துல கரண்ட் வந்துடுச்சாம்ணே. அங்க லேப்ல குடுத்துட்டு வந்துடுங்க. என் மூணு வருஷம் இதுலதான் இருக்கு."

"இன்னிக்கு எங்க தெருவுல புயல் நெவாரணத்துக்கு வூடு கணக்கெடுக்க வராங்கம்மா."

"மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்ணே."

விழுந்த மரங்களுக்கு இடையே பேருந்து ஊர்ந்தது. பாதி வழியில் இருக்கும் புதுச்சத்திரம் வரவே பதினொன்றரை. போன் அடித்தது. மனைவி ஆரோக்கியம்மாள்.

"ஆபீசருங்க வந்துட்டாங்க. ரேஷன் கார்டு எங்கய்யா?"

சட்டைப்பையைத் தொட்டார். கூரை பறந்த நாளிலிருந்து கார்டைப் பாலிதீனில் சுற்றி உடம்போடு வைத்திருந்தார். வீட்டில் நனையாத இடம் இல்லை.

"எங்கிட்டதான் இருக்கு."

"எறங்கி எதுர் பஸ்ஸப் புடி. அவுங்க தெரு முடிக்க ஒரு மணி நேரம் ஆவும்."

பெட்டி மூடியைத் திறந்தார். ஐஸ் பாதி தண்ணீர். திரும்பினால் கடலூரில் வைக்க இடமில்லை.

"இத வச்சுட்டு வந்துடுறேன்."

"வையி. நமக்குக் கூரையில்லன்னு அதுங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

நடத்துனர் எட்டிப் பார்த்தார். "எறங்கலியா?"

"சிதம்பரந்தான்," என்று மிச்ச உப்பையும் கொட்டினார்.

சிதம்பரம் ஆய்வகத்தில் ராஜாமணி என்பவர் குப்பியைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுனு கெடக்குய்யா! கெட்டுப்போகல." ஃப்ரீஸர் உறுமிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டது.

லூர்துசாமி வீடு சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். அதிகாரிகள் கார்டு காட்டியவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். மறுநாள் தாலுகா ஆபீசில், "லிஸ்ட் மேல போயிடுச்சு," என்றார்கள்.

மார்ச்சில் வினோதினி ஒரு எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வரிசையாகக் கறுப்புக் கோடுகள், ஆன்டிபாடி ஒட்டிய இடங்கள். "புரதம் தெரியுதுண்ணே! நீங்க இல்லன்னா இது இல்ல." அவள் கண் கலங்கியிருந்தது. "ஒங்களுக்கு எதாவது செய்யணுமே…"

"அந்தத் தெர்மக்கோல் பொட்டியக் குடும்மா."

அன்று மாலை அதைப் பிரித்து, மகள் எழிலரசி படுக்கும் இடத்துக்கு மேலே கூரை ஓட்டையில் வைத்துக் கட்டினார். பெட்டியில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் ஸ்டிக்கர் கீழ்ப்பக்கம் பார்த்தது.

ஒன்பதாம் வகுப்பு எழிலரசி படுத்தபடியே எழுத்துக்கூட்டினாள். "அப்பா, வெயில் படாம, நனையாம, ரொம்பப் பத்திரமா வெக்கணும்னு போட்டிருக்கு."

ஸ்டிக்கர் இருந்த பலகையைச் சுற்றி நாலு பக்கமும் வானம் தெரிந்தது.