பின்னால் நிற்கிற ஆள்

பை வாங்கப் போகிறேன் என்று அண்ணன் போனில் சொன்னதும், "நானும் வரேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அவருக்கு நம்ப முடியவில்லை. கணவன் போன பிறகு வாசலைத் தாண்டாதவள், வீட்டில் பால் தீர்ந்தால் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொள்கிறவள், பை பார்க்க வருகிறாளாம்.

"டிரோன் பையைப் பத்தி உனக்கு என்ன பாப்பா தெரியும்?" என்றார். தலையில் நரை விழுந்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"ஒண்ணும் தெரியாது. சும்மா வரேன்."

சும்மா இல்லை. அவளுக்கு வேலை வேண்டும். அதுவும் கணவன் பார்த்த அதே வேலை. அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாள் கணக்காக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அது என்ன அப்பேர்ப்பட்ட வேலை என்று கேட்டால், இதுதான். அண்ணன் டிரோன் ஓட்டுகிறவர். கூரை, பாதி எழும்பி நிற்கும் கட்டடம், வெள்ளம் வடிந்த வயல் என்று ஆள் ஏறியோ இறங்கியோ பார்க்க முடியாததை எல்லாம் மேலே இருந்து படமெடுத்துக் கொடுப்பார். அவருக்கு இரண்டு கையிலும் ரிமோட், இரண்டு கண்ணும் வானத்தில். மற்ற எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை, அதாவது அவளுடைய கணவன். போகிற இடமெல்லாம் சேறும் ஜல்லியுமாக இருக்கும். பையையும் கீழே வைக்க முடியாது, டிரோனையும் கீழே இறக்க முடியாது. அதனால் பை அண்ணன் முதுகில், மாப்பிள்ளை அவருக்குப் பின்னால். டிரோன் தாழ வந்து நின்றதும் மாப்பிள்ளை கையை உயர்த்தி அதன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் முதுகிலிருக்கும் பையைத் திறந்து, தீர்ந்த பேட்டரியைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துச் சொருகுவான். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "மாப்ளே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன், அந்தப் பைக்குள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார் என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

கடைசி நாளும் அண்ணன் "மாப்ளே" என்றுதான் கூப்பிட்டார். பதில் இல்லை. "என்ன மாப்ளே, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று சிரித்தார். பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்த ஆரம்பித்த பிறகுதான் திரும்பினார். மாப்பிள்ளை குப்புற விழுந்து கிடந்தான். அவனைப் புரட்டிப் போட்டு, முதுகுப் பையைக் கழற்றித் தலைக்கு அண்டை கொடுத்தார். டிரோன் தன்பாட்டுக்கு இறங்கி வந்து சேற்றில் உட்கார்ந்துகொண்டது. விழுவதற்கு முன்பே இதயம் நின்றிருக்கும், உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். நம்பின மாதிரி தெரியவில்லை.

அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், அவளுக்கு வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு மொத்தமும் மரத்துவிட்டது. சாப்பிட்டாள், குளித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சமையலறையில் குசுகுசுத்தது காதில் விழுந்தபோது கோபம்கூட வரவில்லை. அப்படி இருந்தவளுக்குத்தான் எங்கிருந்தோ இந்த ஒரு ஆசை. கணவன் நின்ற இடத்தில் போய் நிற்க வேண்டும். வீட்டில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கேமரா கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பைகள் தொங்கின. எல்லாம் கறுப்பு, கறுப்பு இல்லாதது சாம்பல். கடைக்காரருக்கு வாய் ஓயாது. அண்ணன் துணிப்பையிலிருந்து டிரோனையும் பேட்டரிகளையும் துண்டில் சுற்றியபடி எடுத்து வைத்ததைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இதை இப்பிடியா சார் தூக்கிட்டு வருவீங்க, கத்தரிக்கா மாதிரி? பழைய பை என்னாச்சு?"

"இருக்கு" என்றார் அண்ணன். "அதை எடுக்க முடியாது."

ஏன் என்று கடைக்காரர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். "நீங்க எத்தனை பேரு சார் வேலை பாக்கறீங்க? அதைப் பொறுத்துத்தான் பை."

அவள் சுவரில் தொங்கும் ஒரு பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அவள் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னார்.

"ஒருத்தர்தான்."

தீர்ந்தது. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வலிக்கும் என்று நினைத்தாள், வலிக்கவில்லை. ஜிப்பை மூடினாள், திறந்தாள்.

கடைக்காரர் மளமளவென்று ஒரு பையை இறக்கினார். "தனியா வேலை பாக்கறவங்களுக்குன்னே செஞ்சது சார். அடிப்பாகம் கெட்டி, கீழ வெச்சா சாயாம நிக்கும். திறக்கறது முதுகு ஒட்டுற பக்கம், அதனால பின்னால வர்றவன் எவனும் கை விட முடியாது. டிரோனை இறக்கறதுக்கு மடக்குற பாய் வேற இருக்கு."

"அதான் வேணும்."

உள்ளே இருந்த தடுப்புகளைப் பிய்த்து ஒட்டி, ஒட்டிப் பிய்த்து, டிரோனுக்கு இடம் செய்தார்கள். டிரோன் உட்கார்ந்தால் ரிமோட்டுக்கு இடமில்லை. ரிமோட் உட்கார்ந்தால் இறக்கைகள் மடங்க மறுத்தன. இரண்டு ஆம்பளைகளும் தொட்டிலில் குழந்தையைப் படுக்க வைப்பது போல மூச்சு விடாமல் பாடுபட்டார்கள்.

"அண்ணா, சேத்துல இதை எப்பிடிக் கீழ வைப்ப?" என்றாள்.

"பாய் இருக்குல்ல."

"பாயும் சேத்துலதானே இருக்கும்? டிரோன் கிளப்புற காத்துக்கு அது நிக்குமா?"

"பாத்துக்கலாம் விடு" என்று அவர் பிடி கொடுக்காமல் தடுப்பை அழுத்தினார்.

அவள் பிடித்துக்கொண்டு நின்ற பையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கொண்டுபோய் மேஜைமேல், இவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்த பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது வெளிப்பக்கம் திறக்குது."

"அது ரெண்டு பேர் வேலைக்கு மேடம்" என்றார் கடைக்காரர். "ஒருத்தர் மாட்டிக்கிட்டு நின்னா இன்னொருத்தர் எடுக்கலாம்."

"தெரியும்" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "நான் வரேன் அண்ணா. அவர் பாத்த வேலையை நான் பாக்கறேன்."

கடைக்காரருக்குத் திடீரென்று கடையின் அந்தக் கோடியில் ஒரு கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"வேணாம் பாப்பா."

"தெரியாததைக் கத்துக்கறேன்."

"தெரியுது தெரியலைங்கறது இல்ல." அண்ணன் கையிலிருந்த பேட்டரியைத் துண்டில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார். "எனக்குப் பின்னால இனிமே யாரும் நிக்க வேணாம். அவன் எப்ப விழுந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால அவன் கிடக்கறான், நான் மேல பாத்துக்கிட்டு அவனைக் கிண்டல் பண்றேன். அந்த எடத்துல நீ நின்னா நான் வானத்தைப் பாப்பேனா? ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி உன்னையில்ல பாத்துக்கிட்டு இருப்பேன்? டிரோன் போய் எவன் தலையிலயாவது விழும்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. உனக்குக் கனம் தூக்க வராது, வெயில் தாங்காது, ஊர் என்ன சொல்லும் என்று ஏதாவது சொல்வார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். எல்லாம் வீண். மரத்துப் போனது தான் மட்டுமில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

வெளிப்பக்கம் திறக்கிற பையின் ஜிப்பை மூடினாள். பிறகு அதை எடுத்துத் தன் முதுகில் மாட்டினாள். பட்டைகள் தொளதொளவென்று இடுப்புக்குக் கீழே தொங்கின. நடந்து போய் அண்ணனுக்கு நேர் எதிரே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பத் தெரியறேனா?"

பின்னால் பேட்டரியை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"பை உன் முதுகுல எதுக்கு அண்ணா? என் முதுகுல இருக்கட்டும். நான் முன்னால நிக்கறேன். டிரோனை நான் பிடிக்கறேன், ரிமோட்டைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு பேட்டரியை நீ எடுத்துப் போடு. நீ எங்க பாத்தாலும் குறுக்க நான்தான் நிப்பேன். மறைக்கறேன்னு வேணா திட்டிக்கோ."

மச்சானும் மாப்பிள்ளையுமாக இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை. முதல் நாள் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நின்றார்கள், அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை, கேட்க அவசியமும் வந்ததில்லை.

அவள் எதிரே அலமாரியில் கேமரா முக்காலிகள் மடங்கி நின்றன. பின்னால் சத்தமே இல்லை. அண்ணன் தலையை ஆட்டுகிறாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா, அங்கேயே இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பினால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். இதுவும் இல்லையென்றால் நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நாற்காலி அங்கேயே இருக்கும்.

முதுகில் ஜிப் மெல்லத் திறந்தது. பைக்குள் ஏதோ இறங்கியது. ஒரு பேட்டரி. அடுத்தது. பிறகு டிரோன், ரிமோட். ஒவ்வொன்றாகப் பை அவளைப் பின்னால் இழுத்தது. பாரம் தோளில் அழுந்தி, இறங்கி, முதுகுத்தண்டு வரை வந்தது. கனமாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒன்று கனமாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏங்க" என்று அண்ணன் கடைக்காரரைக் கூப்பிட்டார். "இந்தப் பட்டையைக் கொஞ்சம் இவ உயரத்துக்குக் குறைச்சுக் குடுங்க."

கடைக்காரர் வந்து முன்னால் நின்று இரண்டு பக்கமும் பட்டையை இழுத்தார். பை முதுகோடு ஒட்டியது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ, ரொம்ப இறுக்கிட்டேனா மேடம்? வலிக்குதா?"

"இல்ல."

"தளர்த்தட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும்" என்றாள். கண்ணீர் மோவாயில் வந்து சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. இரண்டு கையும் பட்டையைப் பிடித்திருந்தன.

பின்னாலிருந்த அண்ணனுக்கு அவள் முகம் தெரியவில்லை. "நேரா நில்லு பாப்பா, எல்லாம் ஒரு பக்கமா சாயுது" என்று அதட்டினார்.

அவள் நேராக நின்றாள்.