யார் வீட்டு டப்பா?

ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு, எங்கள் கொல்லைப்புறத்தில் விருந்து. கறி சுடுவது என் கணவர் வெண்டல்; பீன்ஸ் என் பொறுப்பு. கடையில் வாங்கிய மூன்று டப்பா வெந்த பீன்ஸ் பயறைத் திறந்து கொட்டி, வறுத்த பேக்கன் இறைச்சி, வெங்காயம், நாட்டுச்சர்க்கரை, கடுகு விழுது, காலையில் மிஞ்சிய காப்பி அரை கப் சேர்த்து ஓவன் அடுப்புக்குள் தள்ளினால், ஒரு மணி நேரத்தில் தெருவே மணக்கும். காலி டப்பாக்களைக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்துவிடுவேன். கேட்பவர்களிடம், "ரெண்டு நாள் வேலை" என்று பெருமூச்சு விடுவேன்.

நாத்தனார் வெர்னாவும் ஒரு சட்டி பீன்ஸ் கொண்டுவந்தாள்.

"ராத்திரி பூரா ஊறவெச்சது அண்ணி. டப்பாவத் தொறக்குறதெல்லாம் ஒரு சமையலா?"

"அதானே!" என்றேன்.

அப்போது எங்கள் நாய் டஃபி, மூக்கில் ஒரு பீன்ஸ் டப்பாவை மாட்டிக்கொண்டு, மேசைக்கால்களில் முட்டி மோதியபடி வந்தது. கூட்டமே என்னைப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் லேபிளைப் பார்த்தேன். பச்சை! திரும்பினால், வெர்னாவின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கையைத் தட்டிக் குதித்தேன்.

"என்னுது இல்ல! சத்தியமா என்னுது இல்ல! நான் வாங்குறது சிவப்பு லேபிள்!"