பெரிய கை

“கழட்டப் போறீங்களா இல்லியா? இதோட மூணு கோப்பை போச்சு.”

“போகட்டும். திங்கக்கிழமை டெஸ்ட்ல மானம் போகாம இருந்தா சரி.”

“மானமாம். என் தம்பி மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்கான். இவரு கையுறை போட்டுக்கிட்டுப் பட்டாணி பொறுக்குறாரு.”

தீயணைப்பு நிலையத்தில், விஷவாயு கசிந்தால் முதலில் ஓடும் குழுவில் இருந்தார் அவர். ஆள் ஒல்லி, பேச்சு கனம். அதனால் தெரு வைத்த பெயர் ‘பெரிய கை’. போன மாதம் ரசாயனக் கிடங்கொன்றில், கூடப் போன மச்சினனின் முகமூடிக் குழாய் கழன்றுகொண்டது. தடித்த ரப்பர் கையுறைக்குள்ளிருந்த இவர் விரல்களுக்கு, குழாயை மாட்டும் சின்னக் கொக்கி அகப்படவே இல்லை. ஒருவழியாக மாட்டுவதற்குள், பையனின் நெஞ்சுக்குள் போகக்கூடாதது போய்விட்டது. திங்கட்கிழமை அதே கொக்கியை மாட்டிக் காட்டாவிட்டால் பெரிய கைக்கு மேசை வேலைதான். அதற்குத்தான் வீட்டில் இந்தப் பயிற்சி.

அவள் கையுறையைப் பிடித்து இழுத்தாள். நுனி மட்டும் அவள் பிடியில் மடங்கியது. உள்ளே விரல் இல்லை.

“என்ன இது, உள்ள காத்தாடுது? என்ன சைஸு?”

“எல்லாரும் போடறதுதான்.”

“கேக்கறேன்ல.”

“எக்ஸ்எல்.”

“உங்க கைக்கா? என் வளையலே உங்களுக்குத் தாராளமா நுழையுமே.”

“ஸ்டோர்ல சின்னது கேட்டா, வீட்டுக்காரிக்கான்னு சிரிக்கறானுங்க.”

அவள் கையை விட்டுவிட்டாள். “அப்ப, அன்னிக்கும் இதுதானா?”

அவர் பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது கோப்பைக்காகக் காதைத் தீட்டிவைத்திருந்த பக்கத்து வீடுகளுக்கு ஏமாற்றம்தான்.

மறுநாள் ஸ்டோரில், எல்லோரும் இருக்கும்போதே, சின்ன சைஸ் கேட்டார்.

“வீட்டுக்காரிக்கா?”

“ஆமா. அவதான் வாங்கச் சொன்னா.”

திங்கட்கிழமை கொக்கி முதல் தடவையிலேயே ‘டக்’கென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமா.

மச்சினன் பிழைத்துக்கொண்டான். ஆனால் நாலு படி ஏறினால் இளைத்தது. வேலையை விட்டு, மூச்சுப் பயிற்சி கொடுத்த நர்ஸையே கட்டிக்கொண்டு, மேடில்லாத ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டான். கல்யாணத்துக்கு அக்காக்காரி தனியாகத்தான் போய் வந்தாள். சைஸ் விஷயத்தைத் தம்பி காதில் போட்டாளா இல்லையா என்று தெரு இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

கேட்கத் துணிச்சலில்லாமல், பெரிய கையும்தான்.