குட்டிக்கரணம் போடும் அணுக்கள்

தங்கையின் ரத்தத்தை அக்கா சோதனைக்கூடத்தில் வேறு யாரையும் தொடவிடவில்லை. தானே கெட்டித் திரவத்தில் ஒரு துளி கலந்து, தானே நுண்ணோக்கியின் கீழிருந்த மெல்லிய கண்ணாடித் தடத்துக்குள் பம்பால் செலுத்தினாள்.

சிவப்பணு என்பது திரவம் நிரம்பிய மெல்லிய பை. ஓட்டம் அதன் ஒரு பக்கத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் இழுக்கும்போது, இளக்கமான பை சாய்ந்தபடி நின்றுவிடும். தோல் மட்டும் புல்டோசர் சங்கிலி போலச் சுற்றி வரும். விறைத்த பையோ சுண்டிவிட்ட நாணயமாகக் குட்டிக்கரணம் போடும். தங்கைக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது; அணுக்கள் விறைத்திருந்தால் அவளுடைய வீங்கிய மண்ணீரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

திரையில் எல்லாமே குட்டிக்கரணம் போட்டன.

அக்கா இன்னொரு துளி விட்டாள். அதே கதை.

வராந்தாவில் காத்திருந்த தங்கை தலையை நீட்டினாள். “என்னக்கா, பாஸா பெயிலா? உன் மூஞ்சியப் பாத்தா அரியர் மாதிரி இருக்கு.”

“சும்மா உக்காருடி. இன்னும் முடியல.”

பக்கத்து மேசைக்காரர் டீயோடு வந்து நின்றார். ரத்தம் எடுப்பதோடு கூடத்தின் பம்புகளும் அவர் பொறுப்பு. பெயரும் பம்பு அண்ணன் என்றே ஆகிவிட்டது. திரையைப் பார்த்தவர் பம்பின் முள்ளைப் பார்த்தார்.

“ஏம்மா, இவ்வளவு மெதுவா விட்டா என் ரத்தமும்தான் கரணம் அடிக்கும்.”

மெதுவான ஓட்டத்தில் இளக்கமான அணுவும் புரளும்: புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. எத்தனையோ பேர் ரத்தத்துக்குக் கூசாமல் வேகத்தைக் கூட்டிய கை, இன்று அவளைக் கேட்காமலே குறைத்திருந்தது.

“கிழிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சுண்ணே.”

“அவ உடம்புக்குள்ள இதவிட வேகமாத்தான் ஓடுது. நீ என்னமோ பொத்திப் பொத்தி அனுப்புற.”

“நீங்களே கூட்டிடுங்க.”

அவர் திருகினார். அவள் தரையைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்தபோது ஓர் அணு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. தோல் சுற்றுவது தெரிய அதன்மேல் ஒட்டவைத்திருந்த நுண்மணி மட்டும் விளிம்போடு வட்டமடித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஏறக்குறைய எல்லாமே. இரண்டு மட்டும் இன்னும் புரண்டுகொண்டிருந்தன. அப்படி ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கும்தான். ஆனாலும் அவை திரையை விட்டுப் போகும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை.

“விறைப்பு இல்லடி. மண்ணீரல்ல இப்போ கை வைக்க மாட்டாங்க.”

தங்கை சிரிக்கவில்லை. “அப்போ எனக்கு ரத்தம் ஏன் குறையுது?”

“அது அடுத்த டெஸ்ட்டு. கைய நீட்டு.”

ஊசியை எடுத்தவள், தானே குத்தாமல் அதைப் பம்பு அண்ணனிடம் நீட்டினாள்.