பதினொன்று புள்ளி ஏழு

பட்டறையில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பட்டறை அக்காவின் கணவருடையது. மரம் குடையும் கம்ப்யூட்டர் மெஷின் மட்டும் அவள் பொறுப்பு.

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்று காலைதான் வேலைக்கு வந்தாள். அதற்குள் மாமாவே மெஷினை ஓட்டி, ஒரு பள்ளி நூலகத்துக்கான மரத்தளத்தை முடித்து மாட்டிவிட்டும் வந்திருந்தார். தரையிலிருந்து ஏழடி உயரத்தில், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படிக்கிற தளம். ஆணி கிடையாது, திருகு கிடையாது. ஒரு கட்டையில் குழி, இன்னொன்றில் நாக்கு, நடுவில் பசை. எல்லாப் பாரமும் அந்தப் பொருத்துகளின் மேல்தான்.

"பாரு, உன்னைவிடச் சுத்தமா செஞ்சிருக்கேன்" என்று பொருத்தின் மாதிரித் துண்டு ஒன்றை நீட்டினார் மாமா. "பேப்பர்கூட நுழையாது."

உண்மைதான். பொருத்திய கோடே தெரியவில்லை. அப்படியானால் பசைக்கு எங்கே இடம்?

"நாக்கு கையாலயே இறங்குச்சா மாமா?"

"சுத்தியல் எதுக்கு இருக்கு? கொஞ்சிக்கிட்டா உள்ள அனுப்புவாங்க?"

அவள் சிரிக்கவில்லை. மெஷினிலிருந்து மரத்தைக் குடையும் பிட்டைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். பதினொன்று புள்ளி ஏழு மில்லிமீட்டர். சாணை பிடித்துத் தேய்ந்த பழைய பிட். கம்ப்யூட்டரிலோ பன்னிரண்டு என்றே இருந்தது.

"இதையா மாட்டினீங்க? அளவை மாத்தலையா?"

"முக்கால் முழமா குறைஞ்சுபோச்சு? புள்ளி மூணுதானே."

"குழி புள்ளி மூணு குறுகிடுச்சு. நாக்கு புள்ளி மூணு தடிச்சுடுச்சு. ரெண்டையும் அடிச்சு உள்ள திணிச்சிருக்கீங்க."

மாதிரித் துண்டை வாளில் கொடுத்து நடுவாகப் பிளந்தாள். வெளியே பளபளவென்றிருந்த மரத்துக்குள், குழியின் மூலையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் நார்போக்கில் ஓடியிருந்தது. மாமா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நூலகத்தை எப்போ திறக்கிறாங்க?"

"இன்னிக்கு... பத்தரைக்கு."

மணி பதினொன்றேகால். பள்ளிக்கு மூன்று முறை போன் போட்டும் யாரும் எடுக்கவில்லை. வேனை எடுத்தார்கள். தளத்தைக் கோத்த தச்சரும் ஏறிக்கொண்டார். பாதி வழியில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அடிக்கும்போது உள்ள ஏதோ முனகுச்சும்மா. பசை பிதுங்குற சத்தம்னு நினைச்சுக்கிட்டேன்."

"நினைச்சீங்களா அண்ணே, இல்ல அப்படி நினைச்சுட்டா நல்லாருக்கும்னு விட்டுட்டீங்களா?"

தச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூலகத்தில் ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. மேலே இருபத்து மூன்று பிள்ளைகள் சம்மணமிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற டீச்சர் புன்னகையோடு உதட்டில் விரல் வைத்தார். அந்த அமைதிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று.

"புது மரம், ரெண்டு நாளைக்கு அப்படித்தான் பேசும்னு சார் சொன்னாரே" என்று மாமாவைக் காட்டினார் டீச்சர்.

கத்தினால் எல்லோரும் ஏணிப் பக்கம் ஓடுவார்கள். பாரம் முழுக்க ஒரே மூலைக்கு வந்துவிடும். மில்லி குரலை இறக்கி, ஏணிக்குப் பக்கத்திலிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருவர் தரையைத் தொட்ட பிறகே அடுத்தவர். சுவரோரம் இருந்த ஒரு சிறுமி அசையவில்லை.

"ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி, அக்கா."

"கீழ வந்து படி கண்ணு. கதை எங்கயும் ஓடிப்போகாது."

அவளும் இறங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. தளம் கம்பீரமாக அப்படியே நின்றது.

மாமாவுக்கு மூச்சு வந்தது, கூடவே கோபமும். "நல்லா மானத்தை வாங்கினே! நானே ஏறிக் காட்டுறேன், பாரு." ஏணியில் கால் வைத்தவரின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள் மில்லி. முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினாள்.

"அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

அவர் காலை எடுத்துவிட்டார்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, முட்டுக்கொடுக்க இரும்புத் தூண் தேடி அவர்கள் வராந்தாவுக்கு வந்தபோது, உள்ளே மரம் நீளமாகக் கிழிகிற சத்தம் கேட்டது. சுவரோர மூலை ஒரு முழம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்த மெத்தை சரிந்து தரையில் கிடந்தது.

டீச்சர்தான் கேட்டார்: "இதே மாதிரி வேற யாருக்காவது செஞ்சு கொடுத்தீங்களா?"

மாமாவின் முகம் வெளுத்தது.

"ஒரு விடுதிக்கு... அடுக்குக் கட்டில். ஆறு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது விடுதிப் பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். ஆறு கட்டில்களையும் மாமாவே தன் கையால் பிரித்தார். நான்கில் விரிசல் இருந்தது. காப்பாளர் என்ன ஏதென்று கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் பதில் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவே இல்லை. விரிசல் விட்ட ஒரு மேல்கட்டிலின் பலகையில் யாரோ ஒரு பிள்ளை அதற்குள் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தது.