இது தலைச்சன் இல்லை

மூன்றாவது நாளும் குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை. இரண்டு வகை மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு, ஷீஜா டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, இதற்கு முன் குழந்தை உண்டா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தலைச்சன் என்றுதான் சொல்லியிருந்தோம்.

போனதைப் பற்றிப் பேசினால் வந்ததும் அதன் பின்னால் போய்விடும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. என் அத்தை ராக்கம்மாள்தான் என் மாமியார். அவள் மகன் காளிமுத்துவுக்கு நான் பிறந்த அன்றே முறைப்பெண். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று கட்டிவைத்தவள், என் மூத்த மகளைப் பிறந்த பன்னிரண்டாம் நாள் புதைத்துவிட்டு வந்து தொட்டில் துணியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. ஒன்பது வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கல்லுளிமங்கிதான்.

நினைப்பதற்கு யார் தடை போட முடியும்? மூத்தவள் என் வயிற்றில் இருந்தபோது மட்டாஞ்சேரியில் விடாத மழை. வெலிங்டன் தீவுக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு ஈரச் சட்டையோடு வரும் காளிமுத்து, சாயா குடிக்கும் முன் என் வயிற்றில் காது வைப்பார். உள்ளே படபடவென்று துள்ளும். "நம்ம மோளு வள்ளம் ஓட்டுறா" என்று சிரிப்பார். அத்தையும் சிரிப்பாள். அந்த நாலு மாதம்போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகனின் கை மறுபடி வெட்டியது. வயிற்றில் இவனும் அப்படித்தான் துள்ளினான். பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் எழுந்துவிட்டார். ஆனது ஆகட்டும் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"டாக்டரே, இது தலைச்சன் இல்ல. ஒருத்தி இருந்தா. இதேமாதிரி வெட்டி வெட்டித்தான் போனா."

அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. அவளுடைய இரட்டைச் சுழி, என் சுண்டுவிரலைப் பிடித்த பிடி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. வயிற்றில் துள்ளியதையும் சொந்தத்தில் கட்டியதையும் கேட்டுக்கொண்டு வேகமாக உள்ளே போனார். ஒரு வைட்டமின் ஊசி ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. மூத்தவளும் இப்படித்தான் அடங்கினாள் என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் என்னையும் காளிமுத்துவையும் அத்தையையும் டாக்டர் கூப்பிட்டார். இது பரம்பரையாக வரும் குறை போலிருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும் என்றார். பெற்ற எங்கள் இருவரிடமும் பாதி பாதியாக ஒளிந்திருப்பது, இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு நோயாகும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அப்படி ஆகலாம். பரிசோதனையும் அதையே சொன்னால் ஆயுசுக்கும் அந்த வைட்டமின் மாத்திரை, சாதாரண மருந்துக் கடையில் கிடைப்பதுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூத்தவளுக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

டாக்டர் தாளில் குடும்பத்தை வரைந்தார். எனக்கும் காளிமுத்துவுக்கும் நடுவே சொந்தத்துக்கு இரட்டைக் கோடு. கீழே மகனுக்கு ஒரு கட்டம். அதன் முன்னால் மூத்தவளுக்கு ஒரு வட்டம் போட்டு, இறந்துபோனதற்கு அடையாளமாகக் குறுக்கே கோடு இழுத்தார்.

"மூத்த மோளுக்குப் பேரிட்டிருந்தோ?"

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். சுவரைப் பார்த்து நின்ற அத்தை முந்திக்கொண்டாள்.

"இசக்கிசெல்வி. ஆரும் அறியாம நான் காதுல விளிச்ச பேரு."

டாக்டர் மலையாளத்தில் எழுதினார். எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாத அத்தை, குனிந்து அந்த வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.